லாரி என்று குறித்த அதிர்வுகள்

கண்டெய்னர் லாரிகள் ஓடாத அன்று மத்தியானமும் திரையில் கோடு துள்ளியது. கருணாகரன் வழக்கம்போல் 'லாரி' என்று தட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தான். வேலைநிறுத்தம். துறைமுகச் சாலை நெடுக லாரிகள் என்ஜினை அணைத்து நின்றன. காத்திவாக்கத்தில் எப்போதும் காதை அடைக்கும் இரைச்சல் போய், கழிமுகத்துச் சேற்று நாற்றமும் கருவாட்டு வாடையும் கலந்த காற்றில் மின்விசிறி கிரீச்சிடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கருணாகரன் நில அதிர்வு படித்தவன். படித்த பெருமையைவிட, தெருவில் வேறு யாரும் படிக்கவில்லை என்ற பெருமைதான் அவனுக்கு அதிகம். தொழிற்சாலைகளைச் சுற்றி நிலம் எப்படி அதிர்கிறது என்று கண்காணிக்கும் ஒரு தனியார் கம்பெனி, வாடகை மிச்சமென்று கருவியை அவன் வீட்டுப் பின்னறையிலேயே பதித்திருந்தது. தரைக்கு அடியில் ஏதோ தட்டுகிறது என்று பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் வந்து சொன்னபோது, அவள் முகத்துக்கு நேரே சிரித்தான். இந்தக் கூட்டத்துக்கு லாரி போனால் பூகம்பம், பூனை ஓடினால் பேய். பகலில் வரும் எந்த அதிர்வையும் திறந்துகூடப் பார்க்காமல் 'லாரி' என்று குறித்து ஒதுக்குவது அவன் கைப்பழக்கம்.

மனைவி மலருக்கு அந்தச் சிரிப்புகூடக் கிடைக்கவில்லை. அன்று காலை அவள் பையோடு வந்து நின்றாள்.

"கீழ இன்னாவோ கீதுய்யா. படுத்தா முதுவுல இடிச்சிகினே கீது. ராயபுரத்துல எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேன்."

"தரையில படுத்தா லாரி போறது தெரியத்தான் செய்யும். படிக்காத ஜனம் மாதிரி பேஜார் பண்ணாத" என்று பையைப் பிடுங்கிப் பரணில் போட்டான். இப்போது அவள் முன்னறையில், வெறும் சிமெண்டுத் தரையில், சூட்டுக்குப் பாயைக்கூட ஒதுக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லாரி இல்லையென்றால் இது என்ன? முதன்முறையாக அவன் ஒரு பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தான். நிலத்தை முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு வேகமாக ஓடிவரும் முதல் அலை. பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் வரும் இரண்டாம் அலை. இரண்டும் தனித்தனியாக, நிலநடுக்கப் பாடத்தில் போட்ட படம் மாதிரி இருந்தன. மின்னலுக்கும் இடிக்கும் நடுவிலுள்ள நேரத்தை வைத்து மழை எவ்வளவு தொலைவில் என்று கணக்கிடுவது போல, இந்த இடைவெளியை வைத்து அதிர்வு எங்கே பிறந்தது என்று சொல்லலாம். எந்தத் திசை என்று ஒரே கருவி உறுதியாகச் சொல்லாது. எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும்.

ஒதுக்கிப் போட்ட பழைய 'லாரி'களையும் திறந்தான். முதலாவது, எட்டொன்பது கிலோமீட்டர் தள்ளி, மீஞ்சூர் தூரம். அதற்குப் பின்னால் வந்தவை இன்னும் கிட்டத்தில், எண்ணூர் ரயில் நிலையம் இருக்கும் தூரம். போன வாரம், தெருமுனை. நிலநடுக்கம் நடந்து வராது. எந்தப் புத்தகத்திலும் வராது.

இன்னொன்றும் இருந்தது. முதல் அலையின் முதல் அசைவு மேலே போனால், பிறந்த இடம் வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். கீழே போனால், உள்ளே இழுக்கிறது. எல்லாப் பதிவுகளும் கீழேதான் போயிருந்தன.

மலரை எழுப்ப வேண்டும். எழுந்து நின்றுவிட்டான். ஆனால் எழுப்பினால் என்ன சொல்வது? நீ சொன்னதுதான் சரி என்றா? காலையில் பிடுங்கிய பையை அவன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, அவள் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏற்ற வேண்டுமா? இன்னொரு அதிர்வு வரட்டும், நிச்சயப்படுத்திக்கொண்டு எழுப்பலாம் என்று அந்தப் படித்த மடையன் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

கரண்ட் போய் மின்விசிறி நின்றது; பேட்டரியில் ஓடும் கருவியின் திரை மட்டும் எரிந்தது. தெருவில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியது. அடுத்த அறையிலிருந்து அவள் குரல் வந்தது, தூக்கக் கலக்கத்தில், பயமேயில்லாமல்.

"யோவ், நீயா என் கையப் புடிச்சிகினு கீற?"

கோடு துள்ளியது.

முதல் அலை. இரண்டாம் அலை. நடுவில் இடைவெளி இல்லை.

கீழே.

ஓடினான். முன்னறை வாசலில் கால் தடுக்கி விழுந்து, முழங்காலில் நிமிர்ந்து பார்த்தான். சுவரோரம் ஒதுக்கிய பாய். ஒரு செருப்பு. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. தரையின் நடுவே, நட்டுவைத்தது போல், அவளுடைய பின்னல் மட்டும் நின்றது. கருணாகரன் அதை இரு கைகளாலும் பிடித்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அவன் இழுக்க இழுக்க, அது அவன் விரல்களுக்குள் வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.