இருபத்து நான்காவது பதில்

மீஞ்சூரிலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கோட்டைக்குப்பம் மீனவர் சங்கத்தின் மாடிப்படி ஏறியபோது மணி மூன்று. இந்த மாதத்தில் இது மூன்றாவது அலைச்சல். உடம்பில் துளிகூடப் பலம் இல்லை.

“இன்னா சத்யா, செல் டவர்காரன் இன்னாதான் சொல்றான்?” என்றார் சங்க எழுத்தர் துளசிங்கம்.

“பாக்கறாங்களாம்ண்ணே.” பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

மாடியறையில் இருப்பது ஒரே பெரிய கணினி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குள், தனித்தனிக் கணினிகள் போல இயங்கும் சில மெய்நிகர் கணினிகளை நான்தான் பிரித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றின் வேலை, காற்று திரும்பினால் எல்லாப் படகுகளுக்கும் எச்சரிக்கை அனுப்புவது. எதற்கு எத்தனை பிராசசர் கோர், அதாவது எவ்வளவு வேகம் என்று ஒரு கோப்பில் எழுதி ஸ்கிரிப்டை ஓட்டினால், எழுதியபடியே எல்லாம் அமைந்துவிடும். தப்பாக எழுதினால் தப்பும் எழுதியபடியே அமையும்.

நான் தப்பாக எழுதினேன். எச்சரிக்கைக் கணினிக்கு நான்கு கோர் தர வேண்டிய இடத்தில் ஒன்று. பத்தொன்பது நாளைக்கு முன் காற்று திரும்பியபோது அது திணறி, ஒன்பது நிமிடம் தாமதமாக எச்சரிக்கை அனுப்பியது. மற்ற படகுகள் ஏரிக்குள் இருந்தன. பூபதியின் படகு மட்டும், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. எச்சரிக்கை தாமதமானதற்கு ஊர் செல் டவரைத் திட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள். அதற்குள் ஒன்றை நான்காக்கிவிட்டுப் பழைய பதிவை அழிக்க வேண்டும். இல்லையென்றால் என் வேலை போய்விடும்.

“பூபதி படக லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாமாண்ணே?”

“எடுக்காத. உடம்பு கெடைக்கற வரைக்கும் அவன் பாடு, ஏரியில வலை போடற எடம், அவனுக்குத்தான். முறை வந்தா அவன் எடத்துல வேற எவனும் வலை போட மாட்டான். பேரு இருக்கட்டும்.” சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

நான்கு என்று மாற்றி ஓட்டினேன். ஓர் இடத்தில் மாற்றியதாக, மாற்றம்: 1 என்று வந்தது. சரி. வழக்கம்போல் இரண்டாம் முறையும் ஓட்டினேன். எல்லாம் எழுதியபடி இருந்தால், இந்த முறை மாற்றம் பூஜ்யம் என்று வர வேண்டும்.

மாற்றம்: 1.

கோப்பைத் திறந்தேன். அதில் ஒன்று என்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில் கைதவறி நானே மாற்றியிருப்பேன் என்று மறுபடி நான்கு போட்டு ஓட்டினேன்.

கோப்பில் மறுபடி ஒன்று.

கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னல் மூடியிருந்தும் அறையில் சேற்று வாடை, காயாத வலையின் வாடை. முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். தரை காய்ந்துதான் கிடந்தது.

கீபோர்டைப் பார்த்தேன்.

ஒன்று என்ற விசையின் மேல் மட்டும் ஈரச் சேறு.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவும் அலுப்பாக இருந்தது. பத்தொன்பது நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை.

படியில் காலடி கேட்டது. பூபதியின் மனைவி ஜெயம்மா. வாசலிலேயே நின்றாள்.

“மிஷினு சரியாச்சாம்மா? டவர் தப்புன்றாங்க. அவரு மணி அடிச்சா ஒடனே திரும்பற ஆளு.”

“டவர் தப்பு இல்லக்கா,” என்றேன். “என் தப்பு. நாலு போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டுட்டேன். அதான் லேட்டா போச்சு.”

“எவ்ளோ லேட்டு?”

“ஒம்போது நிமிஷம்.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “ஒம்போது நிமிஷம் இருந்தா முகத்துவாரம் தாண்டி உள்ள வந்திருப்பாரு,” என்றாள்.

டீயோடு வந்த துளசிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. பழைய பதிவை நான் அழிக்கவில்லை. நான்கு போட்டு ஓட்டினேன். இன்னொரு முறை ஓட்டினேன்.

மாற்றம்: 0.

கடைசியாகச் சோதனை எச்சரிக்கை அனுப்பினேன். படகிலுள்ள கருவியில் மணி அடிக்கும். கேட்டவர் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் இங்கே பதில் வரும். இருபத்து நான்கு படகுகளுக்குப் போனது. ஒரு நிமிடத்துக்குள் இருபத்து மூன்று பதில்கள் வந்துவிட்டன.

“அவ்ளோதான். பூபதிது வராது,” என்று முணுமுணுத்தார் துளசிங்கம்.

ஜெயம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. டீ ஆறியது.

சரியாக ஒன்பதாவது நிமிடம் இருபத்து நான்காவது பதில் வந்தது.

கணினியில் இப்போது தாமதம் இல்லை. நான்கு கோரும் சும்மா கிடந்தன. துளசிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னொரு வாட்டி அனுப்பும்மா,” என்றாள் ஜெயம்மா மெதுவாக.

அனுப்பினேன். இருபத்து மூன்று பதில்கள் உடனே வந்தன. அந்தச் சேற்று வாடையில், மூவரும் ஒன்பது நிமிடம் காத்திருந்தோம்.

வந்தது.