தையலுக்கு விட்ட இடம்

கீழ் அறையில் பிரிண்டர் தாளை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டபோது, அவள் மாடியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அதே பிரிண்டர் இணைப்பில் இல்லவே இல்லை என்று திரை சாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மத்தியானத்தில் பிடித்த மழை விட்டபாடில்லை. ஜன்னலைச் சாத்தியதால் அறையில் ஈரத்துணி வாடையும் நோட்டுப்புத்தக வாடையும் கலந்து மூக்கை அடைத்தது. சத்தம் நின்றது. பிறகு இன்னொரு தாள்.

அவளுக்குத் தொழில், துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவது. ரவிக்கையோ கோட்டோ, கம்ப்யூட்டரில் அளவு போட்டு வரைந்து, சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்செடுத்து, ஓரத்துக் குறிகளைப் பொருத்தி ஒட்டினால் முழு மாதிரி கிடைக்கும். தையல்கடைக்காரர் ஏழு மணிக்கு வந்து வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்தச் சனியன் பிரிண்டர் இன்றைக்குப் பார்த்துத்தான் கோபித்துக்கொள்ள வேண்டுமா என்று முணுமுணுத்தபடி கீழே இறங்கினாள்.

தட்டில் நான்கைந்து தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு, மூலையில் ஒட்டுவதற்கான குறி. அவள் போடும் அதே குறிதான். ஆனால் கோடு அவளுடையது இல்லை. தன் கையெழுத்து இல்லை என்று பார்த்ததும் தெரிவதைப் போலத் தெரிந்தது. ஏதோ பழைய வேலை உள்ளே சிக்கியிருந்து இப்போது வெளியே வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சோபாவில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள். பள்ளி விட்டு வந்தால் வீட்டை இரண்டாக்குகிறவள், இன்றைக்கு வேனிலிருந்து இறங்கியதிலிருந்து வாயே திறக்கவில்லை. அணைத்துக் கிடந்த டிவியைப் பார்த்தபடி, அம்மாவின் இன்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. துவட்டிவிட வந்தபோது தலையைத் தொடவே விடவில்லை. மழையில் நனைந்த அலுப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். இந்த மாதிரி நேரத்தில் இருக்கவே இருக்கிறான் தம்பி. நெட்வொர்க் பழுது பார்க்கிறவன். வீட்டு வைஃபையைப் போட்டுக்கொடுத்தவனும் அவன்தான். ஃபோனில் கூப்பிட்டதும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாயா என்று கேட்டான். பண்ணியாயிற்று என்றாள். ஃபோன் செய்வதற்கு முன்னாலா, இப்போது நான் கேட்ட பிறகா என்று கேட்டுச் சிரித்தான். பிறகு ரூட்டர் பக்கத்தைத் திறந்து, என்னென்ன இணைந்திருக்கிறது என்று வாசிக்கச் சொன்னான்.

லேப்டாப், ஃபோன், டிவி, பிரிண்டர். ஐந்தாவதாக ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் படம் பார்க்கிறார், பாஸ்வேர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்றான் தம்பி. அந்த வீட்டில் பாஸ்வேர்டு என்பது ரகசியம் இல்லை. மாடியிலிருந்து கீழேயும் சமையலறையிலிருந்து குளியலறைக்கும் கத்திச் சொல்லிக்கொள்ளும் சமாச்சாரம். அந்தப் பழக்கத்தில், புதிதாக மனதில் தோன்றியதைத் தட்டிக்கொண்டே எழுத்து எழுத்தாகத் தம்பிக்கும் வாய்விட்டுச் சொன்னாள். எல்லாவற்றின் இணைப்பும் அறுந்தது. இனி ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டைப் போட வேண்டும்.

அவள் ஃபோனில் போடுவதற்குள் ஐந்தாவது திரும்ப வந்துவிட்டது.

அதற்குப் பின்னாலேயே, அவள் தொடாத பிரிண்டரும் இணைந்தது. தாளை இழுத்தது.

மறுமுனையில் தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, நீ இப்ப வாயால சொன்னதை யாரோ கேட்டிருக்காங்க," என்றான். "வெளியில இருந்து கேட்டிருக்க முடியாது. இந்த மழைல நீ பேசுறது எனக்கே சரியா கேக்கல."

தம்பி தாழ்ந்த குரலில் பேசினான். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். இன்னொரு தடவை மாற்று, இந்தத் தடவை எனக்கும் சொல்லாதே என்றான். தான் வண்டியை எடுத்துவிட்டதாகவும் சொன்னான்.

"வாண்டை விட்டு மட்டும் நகராதே, அக்கா."

வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது. கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் என்று எல்லா இடத்தையும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஓடிவந்து மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சுவரில் படும்படி தரையில் உட்கார்ந்தாள். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், இவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஃபோன் திரையைத் தன் பக்கம் சாய்த்து, உதட்டைக்கூட அசைக்காமல், ஓர் அர்த்தமும் இல்லாத எழுத்துகளைத் தட்டினாள்.

ஐந்தாவது போய்விட்டது. பிரிண்டர் அடங்கியது.

அழுகை வரும்போல இருந்தது. குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாண்டு சமர்த்தாக உட்கார்ந்து, இன்ச் டேப்பை அம்மாவின் மணிக்கட்டில் சுற்றி, எண்ணைப் பார்த்துவிட்டு அவிழ்த்தாள். பிறகு முழங்கையில் சுற்றினாள். விளையாடட்டும். தம்பி வரும்வரை இந்த வெளிச்சத்தில், இந்தச் சுவரோரம் இருந்தால் போதும்.

பிரிண்டர் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்திருக்கும்போது கை சும்மா இருக்காதது தொழில் தோஷம். தாள்களை எடுத்துத் தரையில் பரப்பி, குறியோடு குறி பொருத்தினாள். தோள். கைக்குழி. இடது தோள் வலதைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அவளுடைய தோளும் அப்படித்தான். ரவிக்கை தைக்கும்போது பஞ்சு வைத்து மறைப்பாள், புருஷனுக்குக்கூடத் தெரியாது.

கை மணிக்கட்டோடு முடியவில்லை. விரல் விரலாக நீண்டது.

அடுத்த தாளை வைத்தாள். எந்த மாதிரியும் கழுத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மேலே ஏறியது. தாடை. காது. கன்னம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள். சுற்றிலும், தையலுக்கு விட்ட இடம், புள்ளிக்கோட்டில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது.

இது சட்டை இல்லை.

யாரோ உள்ளே நுழைந்து போட்டுக்கொள்வதற்கு. அவளை.

பிரிண்டர் தாளை இழுத்தது.

திரையைப் பார்த்தாள். ஐந்தாவது வந்திருந்தது. வாய் திறக்கவில்லையே. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் சுவர். ஜன்னல் சாத்தியிருக்கிறது. அவள் தட்டியதை யாரும் பார்த்திருக்க முடியாது.

மடியில் இருந்தவளைத் தவிர.

கடைசித் தாள் மெல்ல வெளியே வந்து தரையில் விழுந்தது. முதுகுப்பக்கம். பிடரியிலிருந்து இடுப்பு வரை நேராக ஒரு திறப்பு. உள்ளே நுழைவதற்கான திறப்பு.

மடியில் கனம் அசையாமல் இருந்தது. எப்போதும் சூடாக இருக்கிற உடம்பு. சூடு இல்லை.

தொடாதே என்று உள்ளே ஏதோ கெஞ்சியது. தொட்டாள். ஈர முடியை விரலால் மெல்ல ஒதுக்கினாள்.

பிடரியிலிருந்து கீழே, கவுனுக்குள் இறங்கியது ஒரு தையல். நெருக்கமான கைத்தையல். நல்ல வேலை. முடிச்சுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நூல் இன்னும் வெட்டாமல் தொங்கியது.

"அசையாதேம்மா," என்றாள் வாண்டு. திரும்பாமலே கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து, டேப்பை அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தாள்.