திறக்காமல் பெயர்த்த கதவு

எழுதிப் பழகாத கை, இதை உங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். சொற்களில் பிழையிருந்தால் அன்புகூர்ந்து திருத்தி வாசியுங்கள். நிகழ்ந்ததில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

கூடத்தின் நடுவே, கதவே இல்லாத இடத்தில், கைப்பிடி ஒன்று மெல்லத் திரும்பி மீண்டும் தன் நிலைக்கு வரும் ஒலி குகதாசனுக்குக் கேட்டது. நவம்பர் மாதச் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கே ஜன்னல்கள் இருண்டிருந்தன. கீழே லா ஷப்பெல் கடைத்தெருவிலிருந்து கறிவேப்பிலை வதங்கும் வாசனையும், மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் கடந்து செல்லும் அதிர்வும், புதுச் சாயத்தின் நெடியோடு கலந்து அறையை நிறைத்திருந்தன.

வீடு விற்கும் முகவர் எலோடி அப்போதுதான் விடைபெற்றிருந்தாள். உலகப் போருக்கு முந்தைய கட்டடம், முழுவதும் புதுப்பித்த வீடு, இவ்வளவு விசாலமான கூடம் இந்தத் தெருவிலேயே இல்லை என்று அவள் வாங்க வந்த தம்பதியிடம் உற்சாகமாகச் சொன்னாள். அவர்களுக்கும் பிடித்துவிட்டது. ஒன்று மட்டும் குகதாசனை உறுத்தியது: கூடத்தின் நடுவே வந்ததும், எதிரே மேசை கிடப்பதுபோல, மூவரும் தம்மை அறியாமல் விலகி நடந்தார்கள்.

அங்கேதான் மிருணாளினியின் அறைக் கதவு இருந்தது.

ஒன்பது வயதில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போன மகள் திரும்பவில்லை. இறந்த எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று, அவள் விரும்பி உண்ட இடியப்பம், சொதி, சொக்கோலா ரொட்டி எல்லாம் வாழையிலையில் படைத்து, அவள் வந்து உண்ணும்படி அறைக் கதவைச் சாத்தினார்கள். சற்றுப் பொறுத்துக் கதவைத் தட்டித் திறந்து, உணவைச் சந்தியில் வைத்து உயிரை வழியனுப்ப வேண்டும். அதற்குள் மனைவி பூரணி மயங்கி விழ, அவளுடைய தமையன் அவளை லெ பிளாங்-மெனிலில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். குகதாசன் தனியே கதவின் முன் நின்றார். தட்டுவதற்குக் கை எழவில்லை. உள்ளே ஒருவரும் இல்லை என்பதைக் காணும் துணிவு அவருக்கு இருக்கவில்லை.

அதிலிருந்து நான்காம் நாள், மேசன் தவரத்தினத்தை வரச்சொல்லி அறையையே இடிப்பித்தார். இடிக்கும்போது வெளியே போய்விட்டார்.

"பக்கச் சுவரை உடைச்சு எல்லாம் அள்ளியாச்சு, அண்ணை," என்றான் தவரத்தினம். "கதவைத் திறக்கவே இல்லை, நிலையோடை முழுசாய் வந்திட்டுது. இனி உங்கடை ஹோலிலை பந்து விளையாடலாம்." சொல்லிவிட்டு, யார் வீடு என்பது நினைவுக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மீண்டும் கைப்பிடி திரும்பும் அந்த ஒலி. இம்முறை பூரணியும் சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்து நின்றாள்.

"எலோடி என்னவாம்?"

"திங்கட்கிழமை கையெழுத்து. நாங்கள் இஞ்சை இருந்து வெளிக்கிட்டால் உமக்குச் சுகமாகும், பூரணி."

"ஓம், விக்கிறதுக்கு வடிவாய்த்தான் செய்து வைச்சிருக்கிறியள்." அவள் அவரைப் பார்க்கவில்லை. "அப்ப பிள்ளை? அவள் இனி ஆரின்ரை வீட்டிலை இருக்கிறது?"

"பூரணி..."

"அண்டைக்குக் கதவைத் திறந்தனீங்களோ?"

ஒரு வருடமாக அவள் கேட்காத கேள்வி. குகதாசன் தலைகுனிந்தார்.

"இல்லை."

அவள் அழவில்லை. கூடத்தின் நடுவே நடந்தாள். வெறும் காற்றில் கையை உயர்த்தித் தட்டினாள்.

மரத்தில் தட்டும் ஓசை எழுந்தது.

ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை உள்ளிருந்து.

காற்றில் ஒரு கீற்று இருள் விரிந்தது. கதவின் அகலம். கதவின் உயரம். அதற்குள் பழைய அறை. துடைத்தெடுத்த வெறும் தரை. இலையும் இல்லை. சுவர்த்தாள் எட்டிய உயரம்வரை உரித்துத் தின்னப்பட்டிருந்தது. கட்டிலின் காலில் பல் தடம். மூலையில், முதுகு காட்டி, சிறிய உருவம். தன் விரல்களை மென்றுகொண்டிருந்தது. அதிகம் மிச்சமில்லை.

"அம்மா, பசிக்குது."

உயிரோடிருந்தபோது பிரெஞ்சிலேயே பதில் சொன்ன பிள்ளை.

"போகாதையும்!" குகதாசன் மனைவியின் கையைப் பற்றினார். அவள் அதை மெதுவாக, கோபமின்றி விடுவித்துக்கொண்டாள். வெறுங்கையோடு உள்ளே போனாள். கதவு சாத்தித் தாழ் விழுந்தது.

அவர் தட்டினார். காற்று. இரு கைகளாலும் தட்டினார். காற்று மட்டுமே. மண்டியிட்டு, புதிய மரத்தரையை நகத்தால் பிறாண்டினார்.

பிறகு கேட்டது. மெல்லும் ஒலி. ஈரமாக, அவசரமாக. அதற்கு மேலாக, வலியில் நடுங்கியும் கனிவு குறையாத பூரணியின் குரல்:

"ஆறுதலாய்ச் சாப்பிடு, பிள்ளை. அம்மா எங்கையும் போகமாட்டன்."

இழந்தவை: மிருணாளினி, வயது ஒன்பது. பூரணி, வயது முப்பத்தெட்டு. ஓர் அறை. ஒரு கதவு.