பட்டினி மடிப்பு

மேஜை மேல் கிடந்த செல்போன் அலறியது.

பகல் பதினொன்று நாற்பது. கள்ளக்குறிச்சி, சேலம் ரோட்டில் இருந்த அந்தக் கர்ட்டன் ஷோரூமில் அப்போது தமிழழகன் மட்டும்தான் இருந்தான்.

எடுத்தான்.

அந்த ஒரு போன்... மூன்று வருஷமாக நடைப்பிணமாகத் திரிந்தவனை உயிரோடு எழுப்பி, மறுபடியும் கொல்லப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது!

"வணக்கம்ங்க. கர்ட்டன் ஷோரூம்."

"வெள்ளிமலைலேர்ந்து பேசறேன். பேரு சந்தோஷ். புது வூடு. ஒம்போது ஜன்னல். ஒரு ஜன்னலுக்கு இன்னா ஆவும்?"

"அகலம் எவ்ளோ சார்?"

"அஞ்சடி. ஒயரம் ஏழு."

"துணி, தையல், ராடு, மாட்டுற கூலி எல்லாம் சேத்து ஆறாயிரம் ஆவும் சார்."

"ஆறாயிரமா! ஜன்னலே அவ்ளோ ஆவலைய்யா!"

"துணிதான் சார் ஜாஸ்தி. அஞ்சடி ஜன்னலுக்குப் பன்னெண்டரை அடி துணி போடணும். ரெண்டரை மடங்கு. அப்பத்தான் மடிப்பு அலை அலையா வுழும்."

"சரி, சரி... பணத்தை வாங்கிக்கினு பட்டினி மடிப்பு வெச்சிடாதீங்க!"

எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது.

"இன்னா... இன்னா சொன்னீங்க?"

"பட்டினி மடிப்பு! ரெண்டரை மடங்குக்குக் காசு வாங்குவீங்க, ரெண்டு மடங்குல தெச்சிக் குடுத்துடுவீங்க. எங்களுக்கும் தொழில் தெரியும்ய்யா!"



பட்டினி மடிப்பு!

எந்தக் கடையிலும் இல்லாத வார்த்தை. எந்தத் தையல்காரனும் சொல்லாத வார்த்தை. அதை உண்டாக்கியவள் ஒருத்திதான்.

ஷாலினி. அவன் மனைவி.

அப்போது அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருந்தது. அவள் விலை பேசுவாள், அவன் தைப்பான். அளவுக்கு மீறிப் பேரம் பேசுகிறவர் வந்தால், கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டு, அவன் பக்கம் திரும்பிச் சொல்லுவாள்.

"மாமா... சாருக்குப் பட்டினி மடிப்பு!"

ஏதோ உயர்ந்த சமாச்சாரம் என்று நினைத்து வந்தவரும் சிரிப்பார். அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

அதில் ஒருத்தி செத்து மூன்று வருஷம்!

அதே வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில், யார் வீடு என்று சொல்லாமல் ஜன்னல் அளக்கப் போனவள் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள், ஒரு பள்ளத்தில் பிணம். முகம் இல்லை. மஞ்சள் சேலையையும், தான் கட்டிய தாலியையும் பார்த்து, "என் ஷாலுதான்" என்று தமிழழகன் கதறினான். கால் தவறி விழுந்தாள் என்று போலீஸ் எழுதியது. அதன்பிறகு கடையை நடத்த அவனால் முடியவில்லை. விற்றுவிட்டு இங்கே சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"ஹலோ! லைன்ல இருக்கியாய்யா?"

"இருக்கேன் சார்..." பேனாவை மூடி வைத்தான். "நாளைக்கு நானே வந்து அளவெடுக்கறேன்."

---

"தவறி வுழலை மேடம்! அவன்தான் தள்ளி வுட்டிருக்கான்!"

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி நிமிர்ந்து தமிழழகனைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கேஸை முடித்து வைத்தவள் அவள்தான்.

"ஒரே ஒரு வார்த்தைய வெச்சிக்கினா?"

"அந்த வார்த்தை அவ வாயிலேர்ந்துதான் வந்திருக்கணும் மேடம். சாவறதுக்கு முன்னாடி இவன்கிட்ட பேசியிருக்கா. அவ அளவெடுக்கப் போனதே இவன் வூட்டுக்குத்தானோ என்னமோ!"

அவன் அழுதான். அவள் யோசித்தாள்.

"நாளைக்கு ஒங்ககூட ஹெல்பரா நான் வரேன். டேப்பை எப்படிப் புடிக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

---

மறுநாள் காலை பத்து மணி. வெள்ளிமலையில் மரவள்ளிக் காட்டை ஒட்டிப் புத்தம்புது மாடி வீடு.

போலீஸ் ஜீப் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சாதாரணக் காட்டன் சேலையில் செந்தமிழ்ச்செல்வி டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையோடு தமிழழகன் ஜன்னலோரம் போனான்.

சந்தோஷுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தடித்த செயின்.

"கம்மி பண்ணிச் சொல்லுய்யா. ஒம்போது ஜன்னல் ஆர்டரு!"

"ஹால் ஜன்னலுக்கு வெயில் அடிக்குது சார். பின்பக்கம் லைனிங் குடுத்தா நல்லது."

அப்போது...

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"லைனிங்லாம் வேணாம்னு சொல்லுங்க! அதுலதான் கடைக்காரனுக்கு லாபம்!"

டேப் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

ஷாலினி!

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் புதுத் தாலி. அதையெல்லாம் அவன் பார்க்கவே இல்லை.

"ஷாலு... உசுரோட இருக்கியா! மேடம், இருக்கா மேடம்! என் ஷாலு இருக்கா!"

சிரித்தான். அழுதான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"யாரு ஒன்ன அடைச்சி வெச்சாங்க? இவனா? பயப்படாத, போலீஸ் வந்திருக்குது. வா... நம்ம வூட்டுக்குப் போவலாம்!"

ஷாலினி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"யாரும் அடைச்சி வெக்கலை மாமா."

"பின்ன?"

"நானாத்தான் வந்தேன்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்க இடம் தெரியாததுபோல்.

"சொல்லிட்டு வந்திருக்கலாமே ஷாலு... நான் தடுத்திருக்க மாட்டேனே... வருஷா வருஷம் திதி குடுக்கறேன்டி ஒனக்கு!"

அவள் சுவரைப் பார்த்தாள்.

செந்தமிழ்ச்செல்வி டேப்பைச் சுருட்டியபடி முன்னே வந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீ இங்க நிக்கற. அப்ப... அன்னைக்கு இவரு எரிச்சது யாரை?"



சந்தோஷ் ஒரே பாய்ச்சலாகப் பின்வாசலுக்கு ஓடினான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் தயாராக நின்றிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது மேடம்!" ஷாலினி குரல் கிறீச்சிட்டது. "எவளோ எங்கியோ வுழுந்து செத்தா..."

"ஒன் சேலையக் கட்டிக்கினா? ஒன் தாலியப் போட்டுக்கினா? அந்தப் பொணத்துலேர்ந்து எடுத்து வெச்ச எலும்புத் துண்டு இன்னும் லேப்லதான் இருக்குது. அன்னைக்கு நானும் சேலையப் பாத்து ஏமாந்து டெஸ்ட் பண்ணாம வுட்டேன். இப்ப பண்ணுவேன்."

சந்தோஷ்தான் முதலில் உடைந்தான்.

"அது கமலா, மேடம்... என் பொண்டாட்டி. ஜன்னலுக்குத் துணி போடணும்னு அவதான் இவள வூட்டுக்குக் கூப்ட்டா. அப்பறம் அளவு சரியில்ல, கலர் சரியில்லன்னு இவ அடிக்கடி வந்தா. ஒருநாள் கமலா எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டா. சண்டையில தள்ளி வுட்டேன். தலை கல்லுல பட்டுது... அப்பறம் ரெண்டு பேருமா பள்ளத்துல போட்டுட்டோம்..."

"சேலை மாத்துனது?"

"நான் இல்ல! இவதான்!"

தமிழழகன் ஷாலினியைப் பார்த்தான்.

"தாலி?"

ஷாலினியின் கை கழுத்தில் இருந்த புதுத் தாலியை மூடியது.

"அந்தத் தாலிய நீயே கழட்டி... அந்தப் பொண்ணு கழுத்துல போட்டியா ஷாலு?"

ஷாலினி சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கமலா எங்கன்னு அவங்க வூட்ல கேக்கலையா?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"எவன்கூடவோ ஓடிப் போய்ட்டான்னு சொல்லிட்டேன். களமருதூர்ல அவங்கம்மா... அவமானத்துல வெளிய தெருவ வரதில்லையாம். ரெண்டு வருஷம் ஓசூர்ல இருந்துட்டு, எல்லாம் மறந்து போச்சுன்னு இங்க வந்து வூடு கட்டினோம்."

இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

தமிழழகன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. செந்தமிழ்ச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொண்டாட்டிக்கு அழுவறதா நெனச்சிக்கினு, மூணு வருஷமா அந்தக் கமலாவுக்கு அழுதிருக்கேன் மேடம். பேருகூடத் தெரியாம."

"அவளுக்குன்னு அழுதது நீங்க ஒருத்தர்தான் தமிழழகன்."

"களமருதூருக்கு நானும் வரேன் மேடம். 'ஒங்க பொண்ணு ஓடிப் போவலை'ன்னு சொல்லணும். அஸ்திய எங்க கரைச்சேன்னு அந்தம்மாவுக்கு நான்தானே காட்டணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஜீப் உறுமியது. பின்னாலிருந்து ஷாலினி எட்டிப் பார்த்துக் கதறினாள்.

"மாமா! ஒன்ன வுட்டா எனக்கு யாரும் இல்ல மாமா! ஒரு நல்ல வக்கீலா வெச்சிக் குடு மாமா!"

தமிழழகன் ஜீப்பின் அருகே போனான்.

"ஒன் டெத் சர்ட்டிபிகேட்டு என்கிட்டதான் இருக்குது ஷாலு... பொணத்துக்கெல்லாம் எவன் வக்காலத்து வாங்குவான்?!"