அளவூட்டிக்குக் கோபம் ஆறாது

"ரெண்டே கேள்விதானுங்க மேடம். எங்கெங்க போவீங்க, யாரெல்லாம் வருவாங்க. சொன்னீங்கன்னா பெட்டியை மாட்டிட்டுக் கெளம்பிருவேன்" என்றான் மிதுன்.

சுகன்யா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள். இந்த எலக்ட்ரீசியன் "இதோ வந்துட்டேனுங்க" என்று சொல்லியே ஒரு வாரத்தை ஓட்டியவன். அந்த வாரம் முழுக்க வண்டி போர்டிகோவில் செத்துக் கிடக்க, சுந்தராபுரம் வெயிலில் அவள் வங்கிக்கு நடந்தே போய் வந்தாள். வந்தவனாவது ஒழுங்காக வேலை பார்த்தானா? தப்பான இடத்தில் துளை போட்டுப் புதுப் பெயின்ட்டை நாசமாக்கினான். ஏணி கேட்டான், டீ கேட்டான். இப்போது கேள்வி வேறு கேட்கிறான்.

கேள்வி அவனுடையது அல்ல, சட்டத்தினுடையது. அளவூட்டி மாட்டும் எந்த எலக்ட்ரீசியனும் அதைக் கேட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும். அளவூட்டி என்பது சுவரில் தொங்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கூரையில் இருக்கும் சோலார் தகட்டிலிருந்து மின்சாரம் எடுத்து வண்டியை நிரப்பும். அந்த வீட்டுக்காரர் வழக்கமாக எவ்வளவு தூரம் போவார் என்று கணித்து, அதற்கு வேண்டியதை மட்டும் வண்டியில் விட்டுவைத்து, மீதியை அப்போதைக்கப்போதே ஊருக்கு அனுப்பிவிடும். அது வந்த பிறகு மின்வெட்டு ஒழிந்தது, கரண்ட் பில் ஒழிந்தது, ஊருக்கே வாயெல்லாம் பல். வண்டிக்கு மின்சாரம் ஏற்றும் பொது ஊட்டு நிலையங்களை மூடினார்கள். வெளியூர் பஸ்ஸைக் காலையில் ஒன்று என்று குறைத்தார்கள். வாடகைக் கார்கள் நகர எல்லையைத் தாண்டுவதில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பில் இல்லையே, போதாதா?

"வங்கி, மார்க்கெட், ஈச்சனாரி கோயில். அவ்வளவுதான்" என்றாள் சுகன்யா.

"வெளியூருங்க? பொண்ணு, பையன்னு யாராச்சும் இருந்தாச் சொல்லிருங்க. அந்த ஊருக்குன்னு தனியா மின்சாரம் எடுத்து வெச்சிருமுங்க."

சரியாக அங்கேதான் கை வைத்தான். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவளுடைய ஒரே மகள் மகிழினி உடுமலையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதை ஒரு வரிச் செய்தியாக அனுப்பியிருந்தாள்.

"எனக்குப் பொண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போட்டுக்கோ!"

"விருந்தாளிங்க? நீங்க யாரு பேரைச் சொல்றீங்களோ, அவங்க வண்டிக்கு உங்க பங்குல இருந்து மின்சாரம் அனுப்பலாம். எந்த ஊர்ல இருந்தாலும் போய்ச் சேந்துரும்."

"ஒருத்தரும் என் வாசப்படி மிதிக்க வேண்டாம். சீக்கிரம் முடிச்சிட்டு நடையைக் கட்டு."

பெட்டி அவள் குரலை அப்படியே வாங்கிக்கொண்டது. மிதுன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, கீழே கொட்டிய சிமென்ட் தூளைக் கூட்டாமலே போய்விட்டான்.

ஒரு வருடத்தில் மனிதக் கோபம் என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று யாரோ சொன்ன அன்று இரவு சுகன்யா சாப்பிடவில்லை. மார்க்கெட் போன இடத்தில் ஒரு குட்டிக் குல்லாய் வாங்கி பீரோவில் துணிக்கடியில் ஒளித்து வைத்தாள். உடுமலையைப் பெட்டியில் சேர்த்துவிடலாம் என்று பல முறை நினைத்தாள். மகளே முதலில் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள்.

ஒரு நாள் மதியம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, பிரஷர் ஏறிப்போச்சு. சாயங்காலமே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. அவரு வேலையா குஜராத் போயிருக்காரு. எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வா."

சுகன்யா குல்லாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். திரையில் எழுத்து வந்தது: பதினெட்டு கிலோமீட்டர். வங்கி, மார்க்கெட், கோயில். உடுமலைக்கு அதைப் போல நாலு மடங்கு வேண்டும்.

பெட்டியை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. மிதுனை ஃபோனில் கூப்பிட்டாள்.

"புது ஊரோ புதுப் பேரோ சேத்தா நடைமுறைக்கு வர ஒரு மாசம் ஆகுமுங்க. இஷ்டத்துக்கு ஊரைச் சேத்து மின்சாரத்தைப் பதுக்குறாங்கன்னு சட்டத்தை மாத்திட்டாங்க."

"என் பொண்ணு ஒரு மாசம் தாங்குவாளாடா? அறிவிருக்கா உனக்கு? வந்து அந்த எழவுப் பெட்டியைக் கழட்டி எறி!"

"என்ரகிட்ட எதுக்குங்க கத்துறீங்க? எல்லாம் நீங்க சொன்னதுதான். போட்டுக் காட்டட்டுங்களா?"

அவன் போட்டே விட்டான். 'எனக்குப் பொண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.' ஒரு வருடத்துக்கு முந்தைய கோபம் சூடு குறையாமல் காதில் வந்து அறைந்தது. நாசமாய்ப் போகிற வாய் என்று சுகன்யா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மேடம், ஒரு வழி இருக்குதுங்க" என்றான் மிதுன், குரலைத் தணித்து. "பாப்பா வீட்டு அளவூட்டியில விருந்தாளின்னு உங்க பேரு இருந்தா, அவங்க போன்ல இருந்தே மின்சாரம் அனுப்பிரலாம். உடனே ஏறிரும்."

அவளுக்கு உயிர் வந்தது. மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உங்க வீட்டுப் பெட்டியில விருந்தாளிப் பங்கு இருக்குமாமே. என் பேருக்குக் கொஞ்சம் அனுப்பிவிடு சாமி, நான் பறந்து வந்தர்றேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மகி? கேக்குதா?"

"அம்மா... குடி வந்தப்ப எலக்ட்ரீசியன் கேட்டான். அம்மா, அப்பான்னு யாராச்சும் வருவாங்களான்னு." மகிழினி விசும்பினாள். "எனக்கு யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். கத்தித்தாம்மா சொன்னேன்."

சுகன்யா சொன்னாள்: "பரவால்ல விடு. என்ர பொண்ணுதானே நீ. அழாதே, வர்றேன்."

எப்படி என்று மகள் கேட்கவில்லை. சுகன்யாவுக்கும் தெரியாது. வண்டியை எடுத்தாள். பொள்ளாச்சி சாலையில் ஈச்சனாரியைத் தாண்டியதுமே அது 'இந்த வழி உங்கள் வழக்கத்தில் இல்லை' என்று கத்த ஆரம்பித்தது. "வாயை மூடு" என்றாள். கிணத்துக்கடவில் வண்டி நின்றுவிட்டது. இறங்கி, கதவை அறைந்து சாத்தி, செருப்பு தேயத் தெற்கே நடந்தாள். பெட்டியைக் கண்டுபிடித்தவனையும், சட்டம் போட்டவனையும், பில் இல்லை என்று பல்லைக் காட்டிய தன்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே நடந்தாள். பின்னால் வந்த ஒரு பால் வண்டி பரிதாபப்பட்டு நின்றது. அதன் வழக்கத்தில் உடுமலை இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். மகள் மயக்கம் தெளிந்து, "வந்துட்டியா" என்றாள். குல்லாய் சின்னதாகப் போய்விட்டது. ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் சுகன்யா நேராக அளவூட்டியிடம் போனாள். அது அந்தப் பயணத்தை ஒழுங்காகப் பதிவு செய்து, பாடமும் கற்றிருந்தது. திரையில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'வணக்கம். இனி உங்களுக்காகக் கிணத்துக்கடவு வரை மின்சாரம் ஒதுக்கப்படும்.'