நானூறு மீற்றர் வயர்

அந்தச் 'ச' வந்திருக்கவே கூடாது.

டிலோன் ஹெட்போனைக் காதோடு அழுத்தினான். நெடுந்தீவில் கலியாணமோ திருநாளோ செத்தவீடோ, ஒலிபெருக்கி கட்டுகிறவன் அவன்தான். நீட்டிய வயர் குரலை என்ன பாடு படுத்தும் என்பது அவனுக்கு மனப்பாடம். முதலில் கூர்மையைத் தின்னும். ச, ஸ எல்லாம் வெறும் காற்றாகும். பிறகு சொல்லே மழுங்கி, இரைச்சல் மட்டும் மிஞ்சும். கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் வைத்த மைக்குக்கும் கோயில் பின்னறையில் இருக்கும் மிக்சருக்கும் இடையே நானூறு மீற்றர். அவ்வளவு தூரத்தில் எந்த மனிசரின் 'ச'வும் உயிரோடு வந்து சேராது.

இந்த நீளம் பஸ்ரியாம்பிள்ளையின் கைங்கரியம். ரொறன்ரோவிலிருந்து வந்து ஆறே கிழமையில் கோயிற்குழுத் தலைவரானவர், ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலையில் தான் ஆற்றும் உரை கனடாவுக்கு நேரலையாகப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இறந்தவர்களுக்கு ஐந்து நிமிடம், உரைக்கு நாற்பது. மின்சாரமும் இணையமும் கோயிலில்தான் இருந்தன.

"அண்ணை, இவ்வளவு தூரத்துக்கு இந்த வயர் சரிவராது. போர்வைக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரித்தான் கேக்கும்."

"தம்பி, என்ர குரலை நீர் அறியமாட்டீர். அங்க நான் மைக் இல்லாமலே மண்டபத்தை அதிர வைச்சனான்."

"அப்ப கனடாவுக்கும் மைக் இல்லாமலே கேக்கப் பண்ணுங்கோவன்."

"பகிடி விடாதையும். உள்ள வயரெல்லாத்தையும் முடிஞ்சு போடும்."

சேமக்காலையிலிருந்து முடிந்து முடிந்து போட்டுக்கொண்டு வந்ததில், கோயிலை எட்டும் கடைசி நூறு மீற்றருக்கு வயர் போதவில்லை. அலுமாரிக்குப் பின்னால் இரண்டு வருடமாகத் தொடாமல் கிடந்த சுருளைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அது பிரேமினியின் சுருள். யாழ்ப்பாணத்தில் வாங்கி வரும்படி பெண்சாதியை அனுப்பியவன் அவன்தான். 'இண்டைக்கே வேணும்' என்றும் சொல்லியிருந்தான். பயணிகள் லோஞ்சைத் தவறவிட்டவள் மீன்வள்ளத்தில் ஏறினாள், வள்ளம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் சுருள் வலையில் ஏறியது. அவள் ஏறவில்லை. சேமக்காலையில் அவளுடைய சிலுவைக்குக் கீழே கூறைச்சேலை மட்டும் கிடக்கிறது.

ஹெட்போனுக்குள் பஸ்ரியாம்பிள்ளை, தலையணைக்குள் முகம் புதைத்தவர்போல, 'எனது தலைமையில்' என்பதை நாலாவது தடவையாக முழங்கிக்கொண்டிருந்தார். அந்த மந்தாரத்துக்கு அடியில், ஊசி குத்தினாற்போல மறுபடியும் வந்தது.

"சூசையப்பரே, சுத்தட்டோ?"

வாய் திறக்காத மனிசன் என்று அவனுக்குப் பிரேமினி வைத்த பட்டம், வேதத்தில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பர். வேலை முடிந்ததும் தூரத்து முனையில் நின்று மைக்கில் அப்படித்தான் கேட்பாள். இவன் ஒலிபெருக்கியில் 'ஓம்' என்ற பிறகுதான் வயரைச் சுற்றத் தொடங்குவாள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில், வளையங்களை எண்ணி எண்ணி. அப்படிச் சுற்றினால் வயர் முறுகும் என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறான்.

அவன் காது கணக்குப் போட்டது. இவ்வளவு கூர்மையென்றால் நூறு மீற்றர். அதற்கு மேல் இல்லை. அந்தச் சுருள் தொடங்கும் முடிச்சு.

யன்னலால் எட்டிப் பார்த்தான். மாலை வெயிலில் கல்மதில் நீளத்துக்கும் வயர் கிடந்தது. முடிச்சடியில் புல் மேய்ந்துகொண்டிருந்த மட்டக்குதிரை தலையைத் தூக்கிப் பின்வாங்கியது. வேறு எவரும் இல்லை.

"சூசையப்பரே, சுத்தட்டோ?"

கேட்டு எத்தனை நாள். பழகிய கை மைக்கை எடுத்தது. பழகிய வாய் சொன்னது.

"ஓம். சுத்திக்கொண்டு வாரும்."

கோபுரத்து ஒலிபெருக்கி அதைத் தீவு முழுவதற்கும் சொன்னது. ஹெட்போனில் சனம் மங்கலாகச் சிரித்தது.

"என்ன தம்பி, என்னையோ முடிக்கச் சொல்லு..." என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

'கறக்' என்றது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. சேமக்காலை அப்படியே அறுந்துபோனது. இனி அந்த வயரில் எந்த ஒலியும் வர வழியில்லை.

"ஒண்டு," என்றது வயர். "ரெண்டு. மூண்டு."

ஈரக்கால் மண்ணில் ஒட்டிப் பிரிகிற ஓசை. சேற்று நாற்றம். அழுகின பாசி. இருபத்தாறில் அவளுடைய மூச்சு கேட்டது. ஐம்பதில் மூச்சுக்குள் தண்ணீர் கொளகொளத்தது. மறித்துச் சொல்ல ஒரு சொல் போதும். மைக் கையில்தான் இருந்தது. மறித்தால் போய்விடுவாள்.

எண்பத்தொண்டு.

வயரின் ஜாக்கை மிக்சரிலிருந்து பிடுங்கினான்.

எண்பத்திரண்டு.

ஹெட்போனைக் கழற்றினான்.

"எண்பத்துமூண்டு." இப்போது எல்லா எழுத்தும் தெளிவு. வயர் எதையும் தின்னவில்லை. வாசலில்.

நிமிர்ந்தான். படியில், ஒரு பெண்ணின் இடுப்பளவு உயரத்தில், வயர் வளையம் வளையமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட நீளம். நடுவில் கை இல்லை. வளையங்களிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது.

மற்ற நுனி டிலோனின் கையில் இருந்தது. இழுபட்டது.

அவன் விடவில்லை.