கலங்காத விரல்கள்

படம் முழுக்கக் கலங்கியிருந்தது. சிரிப்பான் குருவி ஒரு பழுப்புக் கோடு. கல்சுவரும் கொடிக்கம்பியும் கற்பூர மரமும் இரண்டிரண்டாக இழுபட்டிருந்தன. மரத்தைப் பிடித்திருந்த நாலு விரல்கள் மட்டும் நகத்தடி அழுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தன.

ஆபிதா கேமராவின் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஃபிளாஷ் போட்டால் குருவி பறந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுக்கையில் கை நடுங்கினால் படத்தில் எல்லாமே நடுங்கும். ஒன்று மட்டும் தெளிவாக விழ வேண்டுமென்றால் அதுவும் அவள் கையோடு சேர்ந்து, அதே நொடியில், அதே பக்கமாக நடுங்கியிருக்க வேண்டும்.

அரவேணுவில் மளிகைக்கடையைச் சாத்திவிட்டு வந்த கணவன் நூர் முகமதுவிடம் காட்டினாள்.

"உன்ற கையாட்டமே அதுக்கும் குளுருது போல" என்றான் அவன்.

காலையில் அந்தச் சிரிப்பான் சுவரோரம் கிடந்தது. கடித்த தடமில்லை. பிழிந்துபோட்ட துணியாக நடுவில் ஒடுங்கி, குடல் அலகு வழியே வந்திருந்தது. அன்று மாலை சுவர்மேல் உட்கார்ந்திருந்த பூனையைப் படமெடுத்தாள். விரல்கள் சுவர்வரை வந்திருந்தன. விடிந்ததும் பூனையையும் புதைக்க வேண்டியிருந்தது.

நூர் இப்போது சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு எவனோ வருகிறான் என்றான். அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டான். அவன் மரத்தடியில் காத்திருப்பானாம். அவள் படமெடுக்க வேண்டுமாம்.

"வேண்டாமுங்க. நான் எடுத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க."

"நான் என்ன குருவியா? அவன் மூஞ்சி விழுகட்டும். ஸ்டேஷன்ல காட்டோணும்."

பார்க்க மட்டும் செய்வது, பொத்தானை அழுத்துவதில்லை என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

மலைச்சரிவிலிருந்து இறங்கிய மஞ்சுமூட்டம் தேயிலைச் செடிகளை வரிவரியாக மூடிக்கொண்டு வர, ஈரமண்ணும் ஃபேக்டரியில் வறுபடும் தூளும் கலந்த வாசனை புழக்கடையில் தேங்கிக் கிடக்க, புதருக்குள் மாறிமாறிச் சிரித்துக்கொண்டிருந்த குருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. ஆபிதா சமையல்கட்டு நிலையில் தோளைச் சாய்த்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, படமெடுக்கும் பழக்கத்தில் மூச்சை அடக்கினாள்.

பிறகும் ஒரு மூச்சு கேட்டது.

அதுவும் அடங்கியது.

லென்ஸுக்குள் நூரின் முகம். அவனுக்குப் பின்னால் மரம். மரத்திலிருந்து விரல்கள் பிரிந்தன. இடப்பக்கம் ஒரு கை. வலப்பக்கம் ஒரு கை. அவள் கேமராவைப் பிடித்திருந்த விதமாகவே அவை அவன் கழுத்தைப் பிடித்தன.

பயத்தில் அவள் விரல்கள் இறுகின. அவையும் இறுகின.

கத்தி கீழே விழுந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கேமராவை விட வேண்டும். விட்டால் அவன் பிழைப்பான். விரல்கள் குளிரில் கட்டையாக விறைத்திருந்தன. பயம் அவற்றை இன்னும் இறுக்கியது. நூரின் குதிகால்கள் மண்ணைப் பறித்தன. விடு. கண்கள் பிதுங்கின. விடு. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி அந்த விரல்களை நனைத்தது. விடு.

விறகு ஒடியும் சத்தம்.

அப்புறம்தான் அவள் விரல்கள் விரிந்தன. கேமரா படியில் விழுந்தது. மரத்தடியில் நூர் விழுந்தான். நெஞ்சு மண்ணில் கிடந்தது. முகம் வானத்தைப் பார்த்தது.

ஆபிதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். மஞ்சுக்குள் சிவந்த கைகள் இரண்டு எழுந்து, வாய் இருக்க வேண்டிய இடத்தைப் பொத்தின.

அவள் அசையவில்லை. கையை எடுக்கவில்லை. மூச்சும் விடவில்லை.

அவை மெல்ல இறங்கின. கழுத்தளவில் நின்றன.

அவள் கைகளும் இறங்கின.